மறுபிறவி எடுத்த விண்கலம்

ஒருவர் சொல்லி முடித்த கதையைப் பல ஆண்டுகள் கழித்து இன்னொருவர் புதிதாகச் சொல்கிறார். இரண்டில் எது சிறந்தது? "பின்னால் வந்தவருக்கு வசதி அதிகம், ஆகவே புதியதே சிறந்தது" என்பார்கள் சிலர். "என்ன இருந்தாலும் பழையதற்கு ஈடாகுமா?" என்பார்கள் வேறு சிலர். விஞ்ஞான மாணவர்களாகிய நீங்கள் இந்த வழக்கை எப்படி விசாரிப்பீர்கள்? ஒரு விஞ்ஞானக் கதைத் தொடரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1978-ம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற தொடர் தொடங்கியது. அதை உருவாக்கியவர் கிளென் லார்சன். மனிதர் குடியேறிய பன்னிரண்டு உலகங்களைச் சைலான்கள் என்னும் இயந்திரப் படை அழித்துவிடுகிறது. எஞ்சியவர்கள் கலாக்டிகா என்ற போர்க்கலத்தின் காவலில், பழங்கதைகளில் மட்டுமே கேள்விப்பட்ட பூமியைத் தேடிப் புறப்படுகிறார்கள். தொடர் மறு ஆண்டே நின்றுவிட்டது. 2003 டிசம்பரில் ரொனால்டு மூர் அதே கதைக்குப் புத்துயிர் தந்தார். அது 2009 மார்ச் வரை நடந்தது.

நியூட்டன் வைத்த சோதனை

இரண்டு தொடர்களிலும் 'வைப்பர்' என்ற சிறு போர் ஊர்திகள் வருகின்றன. பழைய வைப்பர் ஆகாய விமானத்தைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைந்து திரும்பும். விமானத்தால் அப்படித் திரும்ப முடிவதற்குக் காரணம் காற்று. விமானம் சாயும்போது, இறக்கைகளில் உண்டாகும் தூக்குவிசையும் சாய்ந்து, அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. விண்வெளியில் காற்று ஏது? அங்கே இறக்கையைச் சாய்த்துப் பயன் இல்லை.

புதிய வைப்பர் என்ன செய்கிறது தெரியுமா? எதிரி பின்னால் துரத்தி வரும்போது, விமானி சிறு உந்துகளை இயக்கி ஊர்தியை அப்படியே பின்பக்கம் திருப்புகிறார். இப்போது அதன் முகம் எதிரியைப் பார்க்கிறது. ஊர்தியோ பழைய திசையிலேயே, பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது! இதில் மாயம் ஒன்றுமில்லை. புறவிசை செயல்படாத வரையில், இயங்கும் பொருள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கும் என்ற நியூட்டனின் முதல் விதிதான் இது. முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வேறு. எந்தத் திசையில் போகிறோம் என்பது வேறு.

வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதும் உங்களுக்குத் தெரியும். பழைய தொடரில் வெடிகள் இடிபோல முழங்கும். புதிய தொடரிலும் விண்வெளி முழு மௌனமாக இல்லை. ஆனால் ஒலிகளை வெகுவாக அடக்கியிருந்தார்கள்.

அப்படியானால், இடைப்பட்ட காலத்தில் விஞ்ஞானம் வளர்ந்ததால் வந்த திருத்தமா இது? இல்லை. நியூட்டன் தம் விதிகளை வெளியிட்டது 1687-ல். மனிதன் சந்திரனில் இறங்கியது 1969-ல். 1978-ல் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்போர்க் காட்சிகள், இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைகளை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டிருந்தன. அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளில் பணியாற்றிய ஜான் டைக்ஸ்ட்ராவே இந்தத் தொடருக்கும் வந்தார். அன்று சிறு மாதிரி உருவங்களை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். செலவு மிகுந்த வேலை என்பதால், எடுத்த காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். புதியவர்களுக்குக் கணிப்பொறி துணை நின்றது.

காலம் தந்த புதிய அச்சம்

பழைய கதையில் சைலான்கள் சமாதானம் பேசுவதாக ஏமாற்றித் தாக்குகின்றன. புதிய கதையில் அவை கணிப்பொறிகளுக்குள் புகுந்து, மனிதரின் காவலை முடக்கிவிடுகின்றன. கலாக்டிகா தப்பியது எப்படி? அது பழைய கலம். அதன் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை! 1988 நவம்பரில் 'மோரிஸ் புழு' என்ற நிரல், இணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைத் திணற வைத்தது. அதைக் கண்ட உலகத்துக்கு இந்தக் கற்பனை நன்றாகப் புரிந்தது.

இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய தொடரில் சைலான்களைப் படைத்தது பல்லியைப் போன்ற வேற்றினம். புதியதில் அவற்றைப் படைத்தவர்கள் மனிதர்களே. நாம் செய்த கருவிக்கு நாமே பொறுப்பல்லவா என்று கதை கேட்கிறது. இதில் புதியது பழையதை மிஞ்சிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

புதியதும் இடறியது

தீர்ப்பு எழுத அவசரப்படாதீர்கள். புதிய தொடரின் கடைசிப் பகுதியில், சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புப் படிவம் கிடைத்ததாகவும், அவள் 'மைட்டோகாண்ட்ரிய ஏவாள்' ஆக இருக்கலாம் என்றும் ஒரு செய்தி வருகிறது.

மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நமக்குத் தாய்வழியாக வருவது. அதை ஆராய்ந்த ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகியோர், இன்று வாழும் எல்லோருடைய தாய்வழியும் ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்று 1987-ல் எழுதினார்கள். அவள் முதல் பெண்ணும் அல்லள்; அக்காலத்தின் ஒரே பெண்ணும் அல்லள். ஒரு பாட்டிக்கு மகன்கள் மட்டுமே இருந்தால், பேரக் குழந்தைகள் இருந்தும் அவளுடைய தாய்வழி அறுந்துவிடும் அல்லவா? அப்படி மற்றவர்களின் வழிகள் அறுந்துபோக, அறாமல் நின்ற வழி அவளுடையது. ஓர் எலும்பைக் கையில் எடுத்து, 'இவள்தான் அவள்' என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பாருங்கள்: பழைய தொடர் முந்நூறு ஆண்டு பழைய விதியை மீறியது, புதிய தொடர் புதிய கண்டுபிடிப்பைத் தவறாகக் கையாண்டது. புதியது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. பழையது என்பதால் உயர்ந்துவிடுவதும் இல்லை. பூமியைத் தேடும் அகதிக் கூட்டமும், சைலான் முகத்தில் இங்குமங்கும் ஓடும் சிவப்புக் கண்ணும் முதல் தொடர் தந்தவை. இரண்டாவது அவற்றின் மேல்தான் கட்டப்பட்டது.

ஆகவே, 'எது சிறந்தது?' என்று யாராவது கேட்டால், 'எதில்?' என்று திருப்பிக் கேளுங்கள். அளவுகோலை முடிவு செய்யாமல் எதையும் அளக்க முடியாது என்று ஆய்வுக்கூடத்தில் கற்றதுதானே! அடுத்த முறை திரையில் ஒரு விண்கலம் வளைந்து திரும்பும்போது, அதைத் திருப்பிய விசை எது என்று தேடிப் பாருங்கள்.