நார்வேக்காரர்களின் ‘இரு’

நார்வே மொழி கற்கத் தொடங்குபவர் முதல் பாடத்திலேயே சந்திக்கும் வினை ‘வேரெ’. நம் ‘இரு’ போன்றது. நிகழ்காலத்தில் ‘ஏர்’, இறந்தகாலத்தில் ‘வார்’. நான், நீ, அவர்கள் என எழுவாய் எதுவானாலும் வடிவம் மாறாது. இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார்கள் என்று விகுதி சேர்த்தே பழகிய நமக்கு இது பெரிய சலுகைதான். ஆனால் நாம் ‘நான் ஆசிரியர்’ என வினையே இல்லாமல் முடிக்கும் இடத்தில் அவர்களுக்கு ‘ஏர்’ வந்தே ஆகவேண்டும்.

‘வேரெ’யும் ‘ஏர்’ரும் ஒட்டவில்லையே என்று தோன்றினால், அது சரியான சந்தேகம். இரண்டும் வெவ்வேறு மூலங்கள். ‘ஏர்’ரின் உறவு சமஸ்கிருத ‘அஸ்தி’. நாத்திகம் என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுதான். ‘வேரெ’யின் உறவு ‘வஸ்’, அதாவது தங்குதல். வாசம், வசிப்பிடம் என அதுவும் நம்மிடம் வந்திருக்கிறது. தங்குதலைக் குறித்த வினையே தேய்ந்து வெறும் இருத்தலாயிற்று. இது விந்தையல்ல, நம் ‘இரு’வும் குமரி மாவட்டப் பேச்சில் இன்னும் உட்காருவதைக் குறிக்கிறது.

சரி, ‘வஸ்’ஸில் இருந்த ஸகரம் எங்கே? நார்வே மொழியின் முன்னோடியான பழைய நார்ஸில் இந்த வினை ‘வெஸ’ என்றே இருந்தது. இறந்தகால ஒருமை ‘வஸ்’, பன்மை மட்டும் ‘வாரு’. அதற்கும் முந்தைய மூதாதை மொழியில் பன்மையின் அழுத்தம் விகுதியில் விழுந்ததால் அங்கே ஸகரம் மெலிந்து, பிறகு ரகரமானது. டென்மார்க்கின் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870களில் இதைக் கண்டறிய உதவியது வேதகாலச் சமஸ்கிருதத்தின் அழுத்தக் குறிகள்! பன்மையின் ரகரம் பிறகு ஒருமைக்கும் மற்ற வடிவங்களுக்கும் பரவியது. ஆங்கிலத்திலோ ‘வாஸ்’, ‘வேர்’ என்று அந்தப் பழைய பிளவு அப்படியே நிற்கிறது. நார்வே மொழியில் இன்று ஸகரத்தோடு வழங்கும் ‘வேசென்’ (இயல்பு, உயிரி) ஜெர்மானிய வணிகர்களின் மொழியிலிருந்து வந்த கடன்.

எழுத்திலும் இரண்டு வழக்குகள். 1885இல் நாடாளுமன்றம் சம உரிமை தந்த இரண்டு எழுத்து மொழிகளில் ஒன்றில் ‘வேரெ’, மற்றதில் ‘வெரெ’. ‘இருந்திருக்கிறேன்’ என்பதற்கு முன்னதில் ‘ஹார் வேர்ட்’. ஆஸ்லோ பக்கம் அந்த ரகரமும் டகரமும் கலந்து, நாக்கை மடித்துச் சொல்லும் நம் ‘ட்’ ஆகிவிடும். தமிழருக்குப் பயிற்சியே வேண்டாம். மேற்கே பெர்கனில் ரகரம் தொண்டையில் பிறப்பதால் அங்கே இந்தக் கலப்பு நடப்பதில்லை.