முதலும் கருவும் உரியும்: ‘கம்பெரலிய’ காட்டும் சிற்றூர்க் குடும்பம்

கலைகளுள் இளையது திரைப்படம். அது பிறந்த நாள்முதல் பெரும்பொருளை வேண்டி நிற்கும் கலையாகவே வளர்ந்து வந்துள்ளது. புலவனுக்கு ஏடும் எழுத்தாணியும் போதும். படம் எடுப்போனுக்கோ கருவியும் ஒளியும் நடிகரும் பணியாளரும் வேண்டும். ஆதலின், பொருளில்லார் எடுக்கும் படம் குறையுடையதாகவே இருக்கும் எனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்வதற்குச் சிற்றூர்க் குடும்ப வாழ்வைப் பற்றிச் சிறு செலவில் எடுக்கப்பட்ட படங்களே தக்க சான்றாகும். அவற்றுள்ளும் நம் நாட்டில் எழுந்த ‘கம்பெரலிய’ என்னும் சிங்களப் படம் தமிழ் மாணவர் ஊன்றி நோக்கற்பாலது.

இத்தகைய படத்தை அளக்கும் கோலை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரமும் புள்ளும் தொழிலும் உணவும் பிறவும் கருப்பொருள். மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். முதலும் கருவும் பொய்யாயின் உரியும் நம்பத்தக்கதன்று என்பது இப்பகுப்பினின்று நாம் பெறும் தெளிவு. அட்டையாற் செய்த குடிசையின் முன் நின்று நடிகர் எத்துணைக் கண்ணீர் வடிப்பினும் அது எந்த ஊர்க் கண்ணீரும் ஆகாது.

சிங்களத் திரைப்படத்தின் தொடக்கம் இக்குறையோடேயே அமைந்தது. முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொரொந்துவ’ 1947 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது எடுக்கப்பட்ட இடம் மதுரை. அதன்பின்னும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படக்கூடங்களிலேயே உருவாயின. பேச்சுச் சிங்களமாக இருந்தது. பாட்டும் ஆட்டமும் கதைப்போக்கும் தென்னிந்திய வார்ப்பாக இருந்தன. இலங்கைச் சிற்றூரின் மண் அவற்றில் இல்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் (1919 - 2018). அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றிய அவர், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் உடன்வர அப்பதவியைத் துறந்து வெளியேறினார். மூவரின் முயற்சியால் 1956 இல் ‘ரேகாவ’ வெளிவந்தது. படக்கூடத்தை விட்டு ஊர்வெளிக்குக் கருவியைக் கொண்டு சென்ற அப்படம், 1957 இல் பிரான்சு நாட்டின் கான் விழாவிலும் காட்டப்பட்டது. ஆயினும் நம் நாட்டு மக்கள் அதனை வரவேற்கவில்லை. போட்ட பணம் மீளவில்லை. ஏறத்தாழ இதே காலத்திற்றான் வங்கத்தில் சத்தியஜித் ராய், பணமின்றிப் பலமுறை நின்றுபோன ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) மேற்கு வங்க அரசின் உதவியால் முடித்திருந்தார். இருவேறு கரைகளில் இருவர், ஒருவகைத் துன்பத்தினூடே ஒருவகை உண்மையை நாடினர் எனலாம்.

தோல்வியாற் சோராத பீரிஸ், 1963 இல் ‘கம்பெரலிய’வை அளித்தார். கிராமத்தின் பிறழ்வு என்பது அப்பெயரின் பொருள். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் வெளியிட்ட நாவலுக்கு ரெஜி சிறிவர்தன திரைக்கதை வகுத்தார். கதை எளியது. தென்கரையூர் ஒன்றில் முகாந்திரம் ஒருவரின் ‘மகாகெதர’ என்னும் பெருவீடு. பழம்பெருமை மிகுந்தும் கைப்பொருள் சுருங்கியும் வரும் குடும்பம். இளைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவளை விரும்புகிறான். அவன் குலநிலை தாழ்ந்தது எனப் பெற்றோர் மறுக்கின்றனர். நிலையில் ஒத்தவனாகிய ஜினதாசனுக்கு அவளை மணம் செய்விக்கின்றனர். அவனோ வறுமையுற்றுப் பொருள் தேடி வெளியூர் சென்று திரும்பானாகிறான். அவன் இறந்தான் என்னும் செய்தி வருகிறது. கொழும்பில் வணிகஞ் செய்து செல்வனாகிய பியலை நந்தா மணக்கிறாள். அதன் பின்னரே ஜினதாசன் அந்நாள்வரை உயிரோடிருந்தான் என்பது தெரிய வருகிறது.

இக்கதையிற் கொடியவர் என ஒருவருமில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தந்தை கொடியவரல்லர், தம் காலத்து நெறியைக் காத்தவர். ஜினதாசனும் தீயவனல்லன், மானம் பெரிதெனக் கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்ப நாணியவன். குடும்பத்தை அழிப்பது மாறும் காலமேயாம். பிறப்பால் வந்த மதிப்புக் கீழிறங்க, பணத்தால் வந்த மதிப்பு மேலேறுகிறது. ஒருகாலத்தில் மறுக்கப்பட்டவனே பின்னர் அக்குடும்பத்தின் பற்றுக்கோடாகிறான். இம்மாற்றத்தைப் பேருரை நிகழ்த்திக் கூறாது, ஒரு வீட்டின் தளர்ச்சியாகக் காட்டியதே படத்தின் வெற்றி.

அவ்வாறு காட்ட இயன்றது எங்ஙனம்? இங்கேதான் செலவுச் சுருக்கம் துணையாயிற்று. படக்கூடத்தை அறவே தவிர்த்து, வீட்டின் உட்புறக் காட்சிகளையும் உண்மையான பழைய வீடொன்றிலேயே எடுத்தனர். பெருவிளக்குகள் பல வைத்து ஒளி வெள்ளம் பாய்ச்ச வழியில்லை. ஒரே விளக்கோடும் கையிற் பிடித்த சிறு விளக்குகளோடும் பிளேக் ஒளிப்பதிவு செய்தார். ஆதலின் அறைகளின் மூலைகளில் இருள் இருந்தவாறே இருந்தது. இடையிடையே காதற்பாட்டுப் புகுத்தப்படவில்லை. அமரதேவவின் இசை பின்னணியாக அடங்கி நின்றது. பியலாக நடித்த ஹென்றி ஜயசேனவும், நந்தாவாக நடித்த புண்யா ஹீந்தெனியவும், ஜினதாசனாக நடித்த காமினி பொன்சேகாவும் உரக்கப் பேசாது உள்ளத்தை முகத்தாற் புலப்படுத்தினர். படத்தைத் தொகுத்தவர் சுமித்ரா குணவர்தன. பின்னாளில் சுமித்ரா பீரிஸ் எனத் தாமும் ஓர் இயக்குநராகப் புகழ்பெற்றவர். பணமின்மை அலங்காரத்தை விலக்கிற்று. அலங்காரம் விலகவே முதலும் கருவும் விளங்கின. அவை விளங்கவே உரிப்பொருள் தானே வெளிப்பட்டது. எனினும் வறுமை மட்டுமே கலையாகாது. உள்ளதைக் கூர்ந்து காணும் கண் வேண்டும். அஃதின்றேல் குறைந்த செலவு குறைந்த படத்தையே தரும்.

1965 இல் புதுதில்லியில் நிகழ்ந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் இப்படம் தங்கமயில் விருது பெற்றது. தென்கரையின் ஒரு வீட்டை உள்ளவாறு காட்டியதனாலேயே அது உலகோர்க்கும் விளங்கிற்று.

தமிழில் இவ்வழி சென்ற முயற்சிகள் மிகச் சில. 1977 இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’, காவலூர் இராசதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றைச் சீதனமும் சாதியும் நெருக்குமாற்றைக் காட்டியது. செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ 1978 இல் படமாயிற்று. தென்னிந்தியப் படங்களின் பகட்டிலே பழகிய கண்களுக்குப் ‘பொன்மணி’யின் அமைதி சுவைக்கவில்லை, அது நெடுநாள் ஓடவில்லை. ‘ரேகாவ’வுக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. ஆயின், ‘ரேகாவ’வுக்குப் பின் ஒரு ‘கம்பெரலிய’ வந்தது போல், ‘பொன்மணி’க்குப் பின் அதனை விஞ்சும் வரிசை தமிழிற் தொடரவில்லை.

இனி நம் கிழக்குக் கரையை நோக்குவோம். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக நெய்தலும் மருதமும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம் இது. மருதமுனையிற் கைத்தறி ஒலி பல தலைமுறைகளாகக் கேட்டு வந்தது. முதலும் கருவும் இங்குக் குறைவில்லை. உரிப்பொருளோ இன்னும் வளமானது. இங்கு, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், மகளுக்கு வீடே சீதனம். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளுக்குத் தம் வீட்டை ஈந்துவிட்டுப் பெற்றோர் சிறுமனைக்கு ஒதுங்குவர். இளையவளுக்கு மற்றொரு வீடு கட்டவேண்டும். அக்காளுக்கும் தங்கைக்கும் வீடு எழும்வரை தன் மணத்தைத் தள்ளிவைக்கும் ஆண்மகன் எத்தனை பேர்! 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது இக்கரையில் அழிந்தவை வெறுஞ் சுவர்களல்ல. உயிர்களோடு, கன்னியர் பலரின் சீதனமும் அன்று அலையோடு போயிற்று. மீளக் கட்டிய வீடு யார் பெயருக்கு உரியது, தாய்க்கா, மகளுக்கா, மருமகனுக்கா என்னும் கேள்வி எழும் இடத்தில் ஒரு முழுக்காப்பியத்துக்குரிய பொருள் அடங்கியுள்ளது.

‘மகாகெதர’வின் கதையைச் சிங்களக் கலைஞர் சொல்லிவிட்டனர். நம் கரையின் சீதன வீட்டுக் கதை சொல்லப்படாது கிடக்கிறது. அதனை அறிந்த கிழவியர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். பழைய வீடுகள் இடிந்து புதியன எழுகின்றன. 1963 இல் ஒரு குழுவினர் சில விளக்குகளோடு செய்து முடித்ததை, இன்று கைக்குள் அடங்கும் கருவியாலேயே படம்பிடிக்கும் நம் இளைஞர் செய்ய இயலாது என்பதற்கில்லை. பொருள் இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. அவர்தம் கண் தம் சொந்த முற்றத்தின்மேற் படவேண்டும். அதுவே வேண்டுவது.