உங்களுக்குத் தெரியுமா? விக்கிப்பீடியாவின் நிரல்மொழி மாறியது!

2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா, பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில்தான் முதலில் ஓடியது. கட்டுரைகளுக்குத் தரவுத்தளம் கிடையாது. எல்லாம் சாதாரணக் கோப்புகள். எழுதுவோரும் படிப்போரும் பெருகப் பெருக அது போதவில்லை.

ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த மாக்னஸ் மான்ஸ்கே என்ற மாணவர் பிஎச்பி மொழியில் புதிய மென்பொருளை எழுதி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துடன் இணைத்தார். 2002 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது. சில மாதங்களிலேயே அதுவும் சுமை தாங்காமல் திணற, லீ டேனியல் குரோக்கர் என்ற நிரலாளர் அந்த மென்பொருளை மீண்டும் எழுதினார். கவனியுங்கள், இந்த முறை மாறியது மென்பொருளின் வடிவமைப்புதான். மொழி அதே பிஎச்பி! வேகம் குறைந்தால் உடனே மொழியைக் குறைசொல்வது சரியல்ல.

குரோக்கர் எழுதிய மென்பொருளின் வழிவந்த மீடியாவிக்கியில்தான் இன்று தமிழ் விக்கிப்பீடியாவும் இயங்குகிறது.