கூட்டம் கூடினா வேகம் குறையுமா? டோல்கேட் கணக்கும் டொரண்ட் கணக்கும்

இன்னைக்கு எபிசோடுல ஒரே கேள்விதான். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல ஃபைல் கேட்டா ஒரு சர்வர் திணறுது. அதே ஆயிரம் பேர் டொரண்ட்ல வந்தா ஏன் திணறல?

முதல்ல நம்ம மதுக்கரை டோல்கேட்டுக்கு வாங்க. ஒரு கவுன்ட்டர் நிமிஷத்துக்கு சராசரியா 10 வண்டி அனுப்பும்னு வச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 9 வண்டி வந்தா, வரிசையில சேர்ந்த வண்டி வெளியே போக சராசரி 1 நிமிஷம். 9.5 வந்தா 2 நிமிஷம். 9.9 வந்தா 10 நிமிஷம்! வண்டிங்க சீரா வராம கொத்துக் கொத்தா வர்றதுதான் காரணம். டென்மார்க்ல எர்லாங், டெலிபோன் அழைப்புகளுக்காக 1909லயே தொடங்கி வச்ச கணக்கு இது. பேரு க்யூயிங் தியரி.

ஒத்தை சர்வரும் அந்த கவுன்ட்டர் மாதிரிதான். ஆனா 2001ல பிராம் கோஹன் உருவாக்கின பிட்டொரண்ட்ல, ஃபைல் துண்டு துண்டா வரும். ஒரு துண்டு கைக்கு வந்ததுமே நீங்க அதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதாவது, வரிசையில நிக்கிற ஒவ்வொரு வண்டியும் கூடவே ஒரு கவுன்ட்டரையும் கொண்டு வருது.

2004ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல டோங்யூ சியூவும் ஆர். ஸ்ரீகாந்தும் இதுக்குக் கணக்கு போட்டாங்க. ஸ்ரீகாந்த் சென்னை ஐஐடியில படிச்சவர். அவங்க கணக்குப்படி, வரத்தும் போக்கும் ஒரு நிலைக்கு வந்தபிறகு, ஆளுங்க எவ்வளவு வேகமா வந்து சேர்ந்தாலும் சராசரி டவுன்லோடு நேரம் மாறாது. ஒவ்வொருத்தரோட அப்லோடு வேகமும், முடிச்சவங்க எவ்வளவு நேரம் தங்குறாங்கங்கிறதும்தான் முக்கியம்.

அந்த தங்குறதுலதான் சிக்கலே. ஒரே ஒரு துண்டு மட்டும் யார்கிட்டயும் இல்ல, முதல் சீடர்கிட்ட மட்டும் இருக்குன்னு வைங்க. அது கிடைச்ச ஆளுக்கு ஃபைல் முழுசாயிடும், உடனே கிளம்பிடுவார். மறுபடி ஒத்தை கவுன்ட்டர்! சீடர் கொடுக்குற வேகத்தைவிட வரத்து அதிகமா இருந்தா, கூட்டம் பெருகிட்டே போகும். இதை அதே பல்கலைக்கழகத்துல புரூஸ் ஹாஜெக்கும் ஜி ஜூவும் நிரூபிச்சாங்க. தீர்வும் சொன்னாங்க: முடிச்சவங்க, சராசரியா இன்னும் ஒரு துண்டு கொடுக்குற நேரம் தங்கினாலே போதும். எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்கும்.

கல்யாண வீட்டுல சாப்பிட்டு எந்திரிச்சவங்க, அடுத்த பந்திக்கு ஒரு கை பரிமாறிட்டுக் கிளம்புற மாதிரிதானுங்க. அடுத்த தடவை லினக்ஸ் ஐஎஸ்ஓ டொரண்ட்ல இறக்கினா, 100 சதவீதம் வந்ததும் மூடிடாதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும். அடுத்த எபிசோடுல பாக்கலாம்.