தூமியும் டிரோனும்

சென்ற வாரம் காலை நிகழ்ச்சியில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நேயர் அழைத்தார். "அரசாங்கமே அநியாயம் பண்ணினா, மக்கள் கையில ஏதாவது இருக்க வேணாமாம்மா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பாட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டேன்.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791-இல் வந்தது. அன்று விவசாயி வீட்டுத் துப்பாக்கிக்கும் சிப்பாய் கைத் துப்பாக்கிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2021-இல் அதிபர் பைடனோ, அரசை எதிர்க்க வேண்டுமானால் எஃப்-15 போர் விமானம் தேவைப்படும் என்று கிண்டலடித்தார். துப்பாக்கி ஆதரவாளர்கள் வியட்நாமையும் ஆப்கானிஸ்தானையும் காட்டி மறுக்கிறார்கள்.

உரிமமின்றி ஒரு தோட்டா வைத்திருந்தாலே குற்றம் என்ற நாட்டில் வளர்ந்த நமக்கு இது தூரத்து வாதம். ஆனால் பக்கத்து மியன்மாரில் இது வாதமாக இல்லை, வாழ்க்கையாகவே இருக்கிறது.

2021 பிப்ரவரி 1-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அமைதியாக ஊர்வலம் போனவர்களைச் சுட்டது. ஏப்ரலில், சின் மாநிலத்து மலைநகரமான மிண்டாட்டில் இளைஞர்கள் 'தூமி' என்ற நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார்கள். வேட்டைக்கு வைத்திருந்தது, குழலின் முன்பக்கமாக மருந்து திணித்துச் சுட வேண்டும். அதை வைத்துக்கொண்டு சுமார் மூன்று வாரம் நின்றார்கள். பீரங்கியும் ஹெலிகாப்டரும் வந்தபின் காட்டுக்குள் பின்வாங்கினார்கள்.

பிறகு வந்தது எஃப்ஜிசி-9. ஜெர்மனியில் ஓர் இளைஞர் வடிவமைத்து 2020-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட, 3டி பிரிண்டரில் அச்சிடும் துப்பாக்கி. காட்டு முகாம்களில் அதைச் செய்தார்கள். ராணுவத்திடமிருந்து நல்ல ஆயுதம் கைப்பற்றியதும் பலர் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

உண்மையில் ராணுவத்தைத் திணறடித்தது துப்பாக்கியைவிட டிரோன்தான். திருமண வீட்டில் படமெடுக்கப் பறக்கவிடுகிறோமே, அந்த வகைதான். அதில் குண்டைக் கட்டினார்கள். 2023 அக்டோபர் 27-இல் தொடங்கிய தாக்குதலில் பல ராணுவ முகாம்கள் வீழ்ந்தன. ஆனால் அதை நடத்தியவை பல்லாண்டு போர் அனுபவமுள்ள இனக்குழுப் படைகள். நேற்று ஆயுதம் தூக்கியவர்கள் அல்ல. 2024-இல் அவர்கள் பிடித்த லாஷியோ நகரம்கூட, அடுத்த ஆண்டே சீனா தலையிட்டதால் ராணுவத்திடம் திரும்பிப் போனது.

ராணுவமும் சும்மா இருக்கவில்லை. டிரோன் வாங்கியது, அலைத்தடைக் கருவி வாங்கியது. 2023 ஏப்ரலில் பாசிஜி கிராமத்தில் கூடியிருந்தவர்கள் மீது விமானம் குண்டு வீசியதில் 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. அங்கே வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

அதற்காக, வெறுங்கையே போதும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஊர்வலம் போனவர்கள் வெறுங்கையோடுதானே போனார்கள்?

நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் சின் இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். நேயரின் கேள்வியை அவரிடம் மலாயில் கேட்டேன். "தூமி இருந்ததால்தான் அம்மாவும் தங்கச்சியும் காட்டுக்குள் ஓட நேரம் கிடைத்தது, அக்கா" என்றார். மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: "இப்போ போன் பண்ணினா, சாப்பிட்டியான்னு கேக்கறதில்ல. விமானம் வந்துச்சான்னுதான் கேப்பேன்."