புகைக்கும் மூச்சுக்கும் உள்ள தூரம்

1950-களில் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற இருதயநோய் நிபுணர் டாக்டர் எஸ். பத்மாவதி, பர்மாவில் பிறந்து, யுத்த காலத்தில் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்து, பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உயர்படிப்பு முடித்துத் திரும்பியவர். நுரையீரல் நாள்பட்டுக் கெட்டுப்போக, அதனூடே ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இருதயத்தின் வலப்பகுதி பெருத்துத் தளர்ந்துவிடும் வியாதி ஒன்று உண்டு. 'கார் பல்மனேல்' என்பது அதன் வைத்தியப் பெயர். மேல்நாடுகளில் அது பெரும்பாலும் ஆண்களின் வியாதி, அதிலும் புகைபிடிக்கும் ஆண்களின் வியாதி. தில்லியிலோ, ஆயுளில் ஒரு பீடியையும் தொட்டறியாத குடும்ப ஸ்திரீகள் ஆண்களுக்கு ஏறக்குறையச் சமமான தொகையில், அவர்களைக் காட்டிலும் இளம் பிராயத்திலேயே, மூச்சுத் திணறிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த வித்தியாசத்துக்கு முகாந்தரம் தேடிய பத்மாவதியும் அவருடைய சகாக்களும், வரட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகையின்மீதே சந்தேகத்தைத் திருப்பினார்கள்.

காற்று மாசு என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது எண்ணூரின் உயர்ந்த புகைபோக்கிகளும், கத்திப்பாராவில் நெருக்கியடித்து நிற்கும் வாகனங்களும், போகியன்று விடியற்காலையில் சென்னைமீது கவியும் புகைமூட்டமுமே. அவையெல்லாம் பகிரங்கமாகத் தெரிவதால் பத்திரிகைகள் எழுதுகின்றன, நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. அடுக்களைப் புகையோ நான்கு சுவர்களுக்குள் எழுந்து, ஓட்டுச் சந்துகளின் வழியே யாரும் லட்சியம் செய்யாமல் கரைந்துபோகிறது. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையினால் நேர்ந்த அகால மரணங்கள் ஏறத்தாழ 32 லட்சம். உலகில் இன்னமும் சுமார் இருநூறு கோடிப் பேர் விறகு, வரட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டே சமைக்கிறார்கள்.

அடுப்பு மூட்டும் முதல் சில நிமிஷங்களைக் கூர்ந்து கவனித்தாலே தீங்கின் சூட்சுமம் விளங்கிவிடும். ஈரம் வற்றாத வேலிக்காத்தான் கட்டையைச் செருகி, தென்னம்பாளையைக் கொளுத்தி வைத்தால், முதலில் எழும் உஷ்ணமெல்லாம் கட்டையிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. சூட்டினால் கட்டை சிதைந்து வெளிவரும் வாயுக்கள், முழுதும் எரிவதற்கு வேண்டிய வெப்பமும் காற்றும் கிட்டாமையால், பாதி எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியேறுகின்றன. அப்புகையில் கார்பன் மோனாக்சைடும், பென்சீனும், ஃபார்மால்டிஹைடும், புற்றுநோய்க்கு வித்தாகும் தார்ப்பொருள்களும், எண்ணற்ற நுண்துகள்களும் கலந்திருக்கின்றன. இத்தனையும் எழுகிற அந்தத் தருணத்தில்தான், அடுப்பின் வாயருகே குனிந்து ஊதுகுழலை உதட்டில் வைத்திருக்கும் பெண், ஒவ்வொரு ஊதலுக்கும் முன்பாக, அவ்விடத்துக் காற்றையே நெஞ்சு நிறைய உள்ளிழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

துகள்களில் பெரியவற்றை மூக்கு மயிர் தடுத்துவிடும். நடுத்தரமானவற்றைச் சுவாசக் குழாயின் சளிப்படலம் பிடித்துக்கொள்ள, அங்குள்ள நுண்ணிய இழைகள் அவற்றை மேல்நோக்கித் தள்ளிவிடும். தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குதானும் இல்லாத, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களே இவ்விரு காவல்களையும் கடந்து, நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்றறைகளில் போய்ப் படிகின்றன. அங்கே அவற்றை விழுங்க வரும் காவலணுக்கள், நாள்தோறும் வேளை தவறாமல் வந்து சேரும் கரியை ஜீரணிக்க மாட்டாமல் நலியும். தொற்று நோய்களை எதிர்க்கும் சக்தி குன்றும். ஓயாத அழற்சி நுரையீரலோடு நில்லாமல் ரத்தக் குழாய்களையும் தாக்கும். ஆகவேதான் அடுப்புப் புகை இருமலோடு போகும் விஷயமாக இல்லாமல், மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட மூச்சடைப்பு, கண்புரை, குழந்தைகளின் நிமோனியா என்று பல ரூபங்களில் வெளிப்படுகிறது.

1981-ல் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இந்திய சகாக்களுடன் சேர்ந்து, குஜராத்தின் நான்கு சிற்றூர்களில், சமையல் செய்யும் பெண்களின் மேலேயே மாதிரி சேகரிக்கும் கருவிகளைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். சமையல் வேளையில் அக்காற்றிலிருந்த மொத்தத் தூசி, சராசரியாக, கனமீட்டருக்கு ஏழாயிரம் மைக்ரோகிராமை ஒட்டி இருந்தது. நகரங்களின் மாடிகளில் வைத்த கருவிகளைக் கொண்டே காற்றின் தரத்தைக் கணித்துவந்த விஞ்ஞான உலகுக்கு அது ஓர் அதிர்ச்சி. பின்னர் அவர் வகுத்துச் சொன்ன கணக்கு ஒன்று, எளிமையிலும் ஆழத்திலும் விசேஷமானது: வீட்டுக்குள் வெளியாகும் ஒரு கிராம் மாசு, வெளியில் வெளியாகும் ஒரு கிராமைக் காட்டிலும், மனிதனுடைய நுரையீரலைச் சென்றடைய ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிக வாய்ப்புடையது. எனவே எவ்வளவு புகை எழுந்தது என்பதைப்போலவே, அது எந்த மூச்சுக்கு எத்தனை அருகில் எழுந்தது என்பதும் ஆராயத்தக்கது.

இவ்வுண்மையை நம் முன்னோடிகள் அறியாதவர்கள் அல்லர். ஜே. சி. குமரப்பா நடத்திவந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியிலிருந்து 1947-ல் 'மகன் சூளா' என்ற புகையில்லா அடுப்பு வெளிவந்தது. 1950-களில் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலாளர் அத்தகைய அடுப்பொன்றை வகுத்துப் பிரசாரம் செய்தார். 1980-களில் மத்திய அரசே ஒரு தேசியத் திட்டம் தொடங்கிக் கோடிக்கணக்கான அடுப்புகளைப் பரப்பியது. புகைபோக்கியினால் பயனில்லை என்று சொல்வதற்கில்லை: சீனாவின் யுன்னான் மாகாணத்தில், வீட்டுக்குள் நிலக்கரி எரித்துவந்த ஷுவான்வெய் வட்டாரத்தில், புகைபோக்கி அமைத்த வீட்டாரிடையே நுரையீரல் புற்றுநோய் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2002-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால் ஒடிசாவில் எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் இத்தகைய அடுப்பு வைத்த வீடுகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, முதல் ஆண்டில் குறைந்த புகை, அடுப்பு விரிசல் கண்டும் குழாயில் கரி அடைத்தும் போனபின் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஆரோக்கியத்தில் ஒரு மாறுதலும் தென்படவில்லை. கிடைக்கிற விறகைத் தூயதாக எரிக்க முயல்வதைவிட, தூய எரிபொருளைக் கிடைக்கச் செய்வதே மேல் என்று ஸ்மித் பிற்காலத்தில் வற்புறுத்தியதன் தாத்பரியம் இதுவே.

எரிவாயு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு நம் விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களிலும், சுமார் 3,200 கர்ப்பிணிகளிடையே ஒரு பெரும் பரிசோதனை அண்மையில் நடந்தது. இந்தியப் பகுதியை முன்னின்று நடத்தியவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். பாதிப் பேருக்குப் பதினெட்டு மாதங்கள் எரிவாயு இலவசமாக வழங்கப்பட்டது. அவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்ததோ சுமார் 70. இவ்வளவு குறைந்தும், குழந்தைகளின் பிறப்பு எடையிலோ நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை என்பது ஏமாற்றமே. ஆனால் கருவுற்று ஒன்பது வாரங்களுக்குப் பின்னரே பரிசோதனையில் சேர்க்கப்பட்ட பெண்கள், அதற்குமுன் பல ஆண்டுகளாகக் கொண்ட புகையையும் உடலில் சுமந்தே வந்தார்கள் என்பதையும், நுரையீரலும் இருதயமும் கெடுவது பத்து இருபது ஆண்டுகளில் நிகழும் காரியமாகையால் பதினெட்டு மாதங்களில் அதை அளந்துவிட முடியாது என்பதையும் நாம் நினைவில் வைக்கவேண்டும்.

இதற்கிடையே, இன்றே கைக்கொள்ளத்தக்க உபாயங்கள் சில உண்டு. விறகு எரித்தே தீரவேண்டிய வீட்டில், நன்றாகக் காய்ந்த விறகையே உபயோகிப்பதும், பருப்பை முன்னதாக ஊறவைத்துப் பாத்திரத்தை மூடி வேகவைத்து எரிக்கும் நேரத்தைச் சுருக்குவதும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நில்லாதிருப்பதும் செலவில்லாத காரியங்கள். எரிவாயு உள்ள வீடுகளிலும் வெந்நீருக்கென்று ஒரு விறகடுப்பு மிஞ்சி நிற்பதுண்டு; அதைத் தாழ்வாரத்திலிருந்து அகற்றி, காற்றோட்டமுள்ள கொல்லைக்குக் கொண்டுபோவது நலம். வீட்டுப் புகை அடுப்போடு நிற்பதில்லை: கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளிப்படும் நுண்துகள், எழுபத்தைந்து முதல் நூற்றுமுப்பத்தேழு சிகரெட்டுகளின் துகளுக்குச் சமம் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்திய படுக்கையறைக்கு அதைவிடக் கொசுவலை எவ்வளவோ உத்தமம்.

ஆனால் இவையெல்லாம் இடைக்கால நிவாரணங்களே. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டமும், அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே தமிழக அரசு தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், சிலிண்டரை வாசல்வரை கொண்டுவந்துவிட்டன. அது தீர்ந்தபின் அடுத்தது வாங்கும் பணமில்லாமல், தோப்பில் இனாமாகக் கிடைக்கும் சுள்ளியை நாடுகிற குடும்பத்தில் புகை மறுபடி எழத்தான் செய்யும். ஆகையால் எத்தனை இணைப்புகள் வழங்கினோம் என்று கணக்குக் காட்டுவதோடு அரசுகள் திருப்தியடையாமல், ஒவ்வொரு ஏழைக் குடும்பமும் ஆண்டில் எத்தனை சிலிண்டர் மாற்றுகிறது என்பதையே தங்கள் வெற்றிக்கு அளவுகோலாகக் கொண்டு, அதற்கேற்ப விலையை நிர்ணயிக்க வேண்டும். வீட்டிலும், மாதச் செலவில் சிலிண்டருக்கு உரிய பணத்தை முதலில் எடுத்துவைக்கும் அதிகாரம், அடுப்பின்முன் மூச்சுவிடுகிறவளிடமே இருக்கவேண்டும்.