காவிரிப் பாலத்தில் 'தார்'!

ஸ்ரீரங்கத்து நண்பரிடம் பழைய 'தார்' இருந்தது. 2523 சி.சி. டீசல் இஞ்சின், 63 குதிரைசக்தி. பச்சமலை ஏற ஜோர்! ஆனால் மாம்பழச்சாலையில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, கன்டோன்மென்ட் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கிளட்ச் மிதித்தே இடது முழங்கால் கெஞ்சும். "வண்டியா, முழங்காலா?" என்று டாக்டரே கேட்டுவிட்டார்.

2020 அக்டோபரில் புது 'தார்' வந்தது. இஞ்சின் 2184 சி.சி.யாகச் சின்னதாகி, சக்தி மட்டும் 130 ஆனது! "அவ்ளோ வேகமாப் போய் என்ன பண்ணப் போறீங்க மாப்ளே?" என்றார் மாமனார்.

விஷயம் வேகத்தில் இல்லை ஸார், 'டார்க்'கில்! அதாவது, சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை. 300 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிஷத்துக்கு 1600 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. டவுன் பஸ் பின்னால் ஊர்ந்து, சட்டென்று இடம் கிடைத்தால் கியரை இறக்கி மல்லுக்கட்ட வேண்டாம். ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் போதும். முழங்காலுக்குப் பாதி லீவு!

கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக்கும் உண்டு. மாதத் தவணையைக் கணக்குப் போட்டு மேனுவலோடு நின்றுகொண்டார் நண்பர்.

அம்மா மண்டபத்துக்கு மாமியார் மட்டும் இன்னமும் ஆட்டோவில்தான் போகிறார். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாதே!